டி.வி. விடுதியில் தொங்கிய நண்டுகள்

எல்லம்மா அந்த டி.வி. விடுதியைப் பார்த்து முதலில் வயிறு வலிக்கச் சிரித்தாள். அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அதற்குப் பிறகு அவள் மறுபடி சிரிக்க வெகுநாள் ஆயிற்று.

எண்பத்தைந்தாம் வருஷம், ஆவணி மாசத்து ஒரு செவ்வாய்க்கிழமை. பழவேற்காட்டில் நண்டு வாங்கி மெட்ராசுக்கு ஏற்றுகிற அப்துல் லத்தீப் பாய் வீட்டில் டி.வி. இருந்தது. சாயங்காலம் பாய் தொழுகைக்குப் பள்ளிவாசல் போனதும் அவர் சம்சாரம் ஜொஹரா கூடத்துக் கதவை விரியத் திறந்து வைப்பாள். தெருப் பெண்கள் பாதிப் பேர் அங்கேதான். எல்லம்மாவும் போவாள். ஏரியில் இடுப்பளவு தண்ணீரில் நடந்து, பனையோலைக் கூடையைப் பல்லால் கவ்விக்கொண்டு, இரண்டு கையாலும் சேற்றைத் துழாவி இறால் பிடிக்கிறவள் அவள். பகல் முழுக்க வாயைத் திறக்க முடியாத வேலை. அதனால் சாயங்காலம் அந்தக் கூடத்தில் அவள் வாய்க்குப் பூட்டே கிடையாது.

அன்றைக்குப் புதுசாக ஒரு தொடர் நாடகம் ஆரம்பித்தது. ஏரிக்கரையில் ஒரு விடுதி. வாரம் ஒரு ஆள் வந்து தங்குவான், அவனுக்கு ஒரு கஷ்டம், விடுதிக்கார அம்மா அதைத் தீர்த்து வைப்பாள். மொத்தம் பதின்மூன்று வாரம். 'நம்ம ஏரியாட்டம் இருக்குதே' என்று எல்லாரும் நெருங்கி உட்கார்ந்தார்கள். உட்கார்ந்த வேகத்தில் சிரிக்க ஆரம்பித்தார்கள்.

"ஏ எல்லம்மா, வலையை வாசல்ல திரைச்சீலை மாதிரி தொங்க வுட்டிருக்கான் பாரு. ஊதுவத்தி வேற காட்டறான்" என்றாள் ஜொஹரா.

"அந்தத் தோணியைப் பாரு பாயம்மா. அடியில ஒரு துளி பாசி இல்ல. தண்ணி இன்னா கலர்னே அதுக்குத் தெரியாது!"

"விடுதிக்காரி மீன் கழுவுறாளாம். புடவை மடிப்பு கலையலையே, மகராசி!"

சுவரில் விரிசல் இருந்தது, ஆனால் விரிசலில் எறும்பு இல்லை. மண்ணெண்ணெய் விளக்கு எரிந்தது, மேலே புகைக்கறை இல்லை. ஏரிக்கரை என்றார்கள், கடல் அலைச் சத்தம் கேட்டது. இந்த லட்சணத்தில் விடுதிக்கு வந்த ஆள் கண் கலங்கி, 'இங்கே வந்தால் சொந்த வீடு மாதிரி இருக்கிறது' என்றான். எல்லம்மா சிரித்த சிரிப்பில் மடியில் இருந்த மகள் வசந்தா தூக்கம் கலைந்து அழுதாள்.

அப்போதுதான் அடுக்களையைக் காட்டினார்கள். உத்தரத்தில் ஒரு மூங்கில். மூங்கிலில் வரிசையாக நாலு நண்டு தொங்கின. விடுதிக்கார அம்மா ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். டி.வி. முழுக்க அந்த ஒரு நண்டுதான் நின்றது.

எல்லம்மாவுக்குச் சிரிப்பு நின்றுபோயிற்று.

"நண்டும் பொம்மைதான். உசுரு இருந்தா வாயில நுரை தள்ளுமே" என்று ஜொஹரா சொல்லிக்கொண்டிருந்தாள். எல்லம்மா நண்டைப் பார்க்கவில்லை, அதைக் கட்டியிருந்த கயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

உயிர் நண்டைக் கட்டுவது ஏரிக்காரர்களுக்குக் கையெழுத்து மாதிரி. கொடுக்கு இரண்டையும் மடக்கி, ஓட்டின் மேல் குறுக்கே சுற்றி, முதுகில் முடிச்சுப் போடுவது எல்லாரும் செய்வது. அதிலேயே ஆளுக்கு ஒரு வாட்டம் இருக்கும். பாய் கூடையில் கை விட்டால், இது இன்னார் நண்டு என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். ஆனால் கயிற்றை இடது கொடுக்கில் ஆரம்பித்து, வயிற்றுக்கு அடியில் கொண்டுபோய், முடிச்சைப் பின்பக்கம் இறுக்கி, விரல் நுழைகிற மாதிரி ஒரு வளையம் விட்டு, மிச்ச நுனியைக் கடைசித் துடுப்புக்காலுக்குள் சொருகுகிறவன் அந்த ஏரி முழுக்க ஒரே ஒருத்தன்தான் இருந்தான். அவன் இடதுகைக்காரன். பேர் சுப்பன். எல்லம்மாவின் புருஷன். எழுபத்தாறாம் வருஷத்துப் புயலில் ஏரியில் செத்துப்போனவன்.

செத்துப்போனவன் என்றுதான் ஒன்பது வருஷமாக ஊர் சொல்லிக்கொண்டிருந்தது. கவிழ்ந்த தோணி கிடைத்தது, ஆள் கிடைக்கவில்லை. அவன் வேட்டியைச் சுருட்டி வைத்துக் காரியம் செய்தார்கள். எல்லம்மா பதினாறு நாள் வெறும் தரையில் படுத்தாள், தாலியை அறுத்தாள். வயசு அப்போது இருபத்திரண்டு.

சுப்பனோடு ஒரே தோணியில் நண்டு பிடித்தவன் அர்ஜுனன். புயலன்று காய்ச்சலில் படுத்திருந்ததால் பிழைத்தான். அவளை 'அண்ணி, அண்ணி' என்று சொல்லிக்கொண்டு, அரிசி தீர்ந்த நாளில் அரிசி கொண்டு வந்து வைத்துவிட்டுப் போவான். ஊர்ப் பெரியவர்கள், 'ரெண்டு பேரும் ஒண்ணா இருந்துடுங்களேன்' என்று கேட்டபோது அவன் காதைப் பொத்திக்கொண்டான். "அண்ணன் எங்கனா உசுரோட இருந்து வந்தா நான் மூஞ்சிய எங்க வெச்சிக்கிறது? அண்ணன் இருக்கிற வரைக்கும் அண்ணி வூட்டு வாசப்படிய மிதிக்க மாட்டேன்" என்றான். நாலு வருஷம் அப்படியே இருந்தான். எண்பதில் ஒருநாள் தானாகவே வந்து, "எல்லாப் பக்கமும் விசாரிச்சுட்டேன். அண்ணன் இல்ல. இனிமே வரமாட்டாரு" என்று சொல்லி அழுதான். அதற்கப்புறம்தான் கல்யாணம். அதற்கப்புறம்தான் வசந்தா.

இப்போது சொல்லுங்கள், அந்த நண்டைப் பார்த்தவளுக்கு மூச்சு எப்படி வரும்? சுப்பன் உயிரோடு இருந்தால் அர்ஜுனன் ஒரு நிமிஷம் வீட்டில் நிற்கமாட்டான். சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறேன் என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விடுவான். வசந்தா, நைனா என்று கூப்பிட அப்பன் இல்லாமல் நிற்பாள். அர்ஜுனன் அன்றைக்கு ஏரிக்குள் இருக்கிற பசியாவரத்தில் தோணிக்கு வேலை பார்த்துக்கொண்டிருந்தான், நாடகம் பார்க்க வரவில்லை. பாய் பள்ளிவாசலில் இருந்தார். அந்தக் கட்டைப் படிக்கத் தெரிந்த மூன்று பேரில் பார்த்தது அவள் ஒருத்திதான். அடுத்த செவ்வாய்க்கிழமைக்கு ஏழு நாள் இருந்தது.

நாடகம் முடிந்து பேர்கள் ஓடின. "பாயம்மா, அந்த வீடெல்லாம் கட்டினது யாருன்னு போட்டிருக்குதா?" என்று கேட்டாள். குரல் அவளுக்கே வேறு யாருடையதோ மாதிரி கேட்டது.

"அரங்க அமைப்பு, பூபதி. ஏன்டி, போய் ஒதைக்கப் போறியா?" என்றாள் ஜொஹரா. எல்லம்மா முகத்தைப் பார்த்ததும் கிண்டலை விட்டுவிட்டாள். என்ன ஏது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. இரண்டு நாளில் மெட்ராசில் இருக்கிற தன் தம்பி அபூபக்கரை விட்டு விசாரித்து, ஒரு சீட்டில் விலாசம் எழுதிக் கையில் கொடுத்தாள். அப்படி ஒரு மனுஷி.

ரேஷன் கார்டு விஷயமாகப் பொன்னேரி தாலுகா ஆபீசுக்குப் போகிறேன் என்று அர்ஜுனனிடம் சொல்லிவிட்டு, சனிக்கிழமை முதல் பஸ்ஸில் எல்லம்மா கிளம்பினாள். பொன்னேரியில் ரயிலேறி, மெட்ராசில் இறங்கி, நாலு பேரிடம் வழி கேட்டு, வடபழனியில் ஒரு சந்துக்குள் இருந்த பூபதியின் தகரக் கொட்டகைக்குப் போய்ச் சேர்ந்தபோது உச்சி வெயில். உள்ளே ஒருத்தன் குந்தி உட்கார்ந்து மூங்கிலுக்குப் பச்சை வர்ணம் அடித்துக்கொண்டிருந்தான். பேண்ட் போட்டிருந்தான். தொப்பை விழுந்திருந்தது. வர்ணக்குச்சி இடது கையில் இருந்தது.

எல்லம்மா முதலில் பார்த்தது அவன் காலைத்தான். பேய்க்குக் கால் இருக்காது என்பார்களே. இரண்டு காலும் இருந்தன. ஒன்றில் ரப்பர் செருப்புகூட இருந்தது.

"எல்லு?" என்றான் சுப்பன்.

அவள் அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டாள். அவன் ஓடிப்போய் ஒரு சொம்பு தண்ணீர் கொண்டு வந்தான். அதைக் குடித்துவிட்டுத்தான் பேச்சு வந்தது.

"உனக்குக் காரியம் பண்ணோம்யா!"

"தெரியும்."

"தாலி அறுத்தேன்யா!"

"தெரியும் எல்லு."

தெரியுமாம்! அடப்பாவி! தோணி கவிழ்ந்ததும் ஏரியின் அக்கரையில் ஒதுங்கி நாலு நாள் காய்ச்சலில் கிடந்தானாம். எழுந்து வருகிற வழியில், சுண்ணாம்புக்குளத்தில் ஒருத்தன் இவனை யாரென்று தெரியாமலே, புயலில் போன சுப்பனுக்குக் காரியம் நடக்கப்போகிறது என்று சொன்னானாம்.

"ஊருக்குத்தான் வந்துனு இருந்தேன். பொன்னேரி வரைக்கும் வந்தேன். டேசன்ல ரயிலு நின்னுச்சு. ஏறிட்டேன்."

"ஏன்யா?"

சுப்பன் கொஞ்சநேரம் யோசித்தான். பொய் சொல்ல யோசிக்கவில்லை, அவனுக்கே நிஜமாகத் தெரியவில்லை. "செத்தவனை யாரும் ஏரிக்கு வாடான்னு கூப்பிட மாட்டாங்க இல்ல. பனியில எழுந்து சேத்துல கையை வுட வேணாம். மனசு லேசா இருந்துச்சு எல்லு. உன் மேல கோவமெல்லாம் ஒண்ணும் இல்ல."

கோபம் இல்லையாம். அவள் மேல் அவனுக்குக் கோபம் இல்லையாம்! எல்லம்மாவுக்கு அழுகை வந்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். அதுவும் வரவில்லை. ஒருத்தன் வெள்ளத்தில் போனால் அழலாம், வேறு பெண்ணோடு ஓடினால் மண்ணை வாரித் தூற்றலாம். ரயில் நின்றது, ஏறினேன் என்கிறவனை என்ன செய்வது?

அதற்குள் அவனுக்கு வேறொரு உற்சாகம் வந்துவிட்டது. "நாடகம் பார்த்தியா? பார்த்துட்டுதான் வந்தியா? வா வா. இன்னும் பிரிக்கல. அடுத்த வாரம் இதையே ஆஸ்பத்திரியா மாத்தப்போறோம். அதுக்குள்ள பாத்துடு" என்று கொட்டகைக்குப் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனான்.

விடுதி அங்கே நின்றது. டி.வி.யில் பெரிசாகத் தெரிந்தது நேரில் அவள் குடிசையைவிடக் கொஞ்சம்தான் பெரிசு. செங்கல் சுவரைத் தொட்டாள், அட்டை. விரிசலைத் தொட்டாள், கறுப்பு மை. மாடிப்படி ஆறு படியோடு அந்தரத்தில் நின்றது. ஏரி ஒரு துணியில் எழுதித் தொங்கியது. அறைக் கதவு ஒன்றைத் திறந்தாள். அந்தப் பக்கம் அறையே இல்லை. ஒரு காற்றாடியும், அடுக்கி வைத்த கட்டில்களும், யாரோ தின்றுவிட்டுப் போட்ட வாழைப்பழத் தோலும் கிடந்தன. அவள் கதவைச் சாத்தினாள். மறுபடி திறந்து பார்த்தாள். அப்போதும் இல்லை.

"எல்லாம் நான் சொல்லிச் சொல்லித்தான் வெச்சாங்க. நம்ம ஊரு மாதிரியே நெசமா இருக்குதா?" என்று கேட்டான் சுப்பன். பரிசு வாங்கப்போகிற பிள்ளை மாதிரி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"நண்டு எங்க?"

நாலும் அடுக்களையில் தொங்கிக்கொண்டிருந்தன. எல்லம்மா எட்டி ஒன்றைப் பிடுங்கித் தரையில் அடித்தாள். சுண்ணாம்புக்கட்டி மாதிரி உடைந்து தெறித்தது. இரண்டாவதைப் பிடுங்கினாள்.

"ஐயோ, இன்னா பண்றே!"

"அர்ஜுனன் பாத்தா உன் கட்டுன்னு கண்டுபுடிச்சிடுவான்யா! பாத்தா என்னை வுட்டுப் போயிடுவான். எனக்கு ஒரு பொண்ணு இருக்குது. அடுத்த வாரம் இந்த நண்டு டி.வி.யில வரக் கூடாது!"

சுப்பன் உடைந்த துண்டைப் பொறுக்கிக்கொண்டே சொன்னான், "பதிமூணு வாரமும் எடுத்து முடிச்சு அனுப்பிட்டாங்க. இதை உடைச்சு ஒண்ணும் ஆவாது."

இன்னும் பன்னிரண்டு செவ்வாய்க்கிழமை!

"பயப்படாத. அர்ஜுனன் நல்லவன். உன்னை வுட்டுப் போவ மாட்டான்" என்றான் சுப்பன்.

"நான் அவனோட இருக்கிறேன்னு உனக்கு யாரு சொன்னது?"

சுப்பன் குனிந்து வர்ணக்குச்சியைத் தேடினான். "லாரிக்காரங்க பேசிக்குவாங்க" என்றான். அந்த நேரத்தில் எல்லம்மாவுக்கு அதைப் பிடித்துக்கொண்டு மேலே கேட்கத் தெம்பில்லை. வந்த வழியே திரும்பினாள்.

செவ்வாய்க்கிழமை வந்தது. அதற்குள் தெருவெல்லாம் அந்த நாடகப் பேச்சுதான். நம்ம ஏரியை டி.வி.யில் காட்டுகிறான் என்று ஆண்களும் கிளம்பிவிட்டார்கள். எல்லம்மா அர்ஜுனனிடம், "பாய் வூட்டு டி.வி. ரிப்பேராம்" என்று வாய் கூசாமல் சொன்னாள். சொல்லிவிட்டு, ஒருவேளை நண்டைக் காட்டாமல் விட்டுவிடமாட்டார்களா என்ற நப்பாசையில் தான் மட்டும் போய்க் கூடத்தில் உட்கார்ந்தாள். விளக்கேற்றுகிற காட்சி ஓடிக்கொண்டிருந்தபோது வாசலில் வசந்தாவின் குரல் கேட்டது. அர்ஜுனன் அவளைத் தோளில் உட்காரவைத்துக்கொண்டு நின்றான்.

"ரிப்பேருன்னியே? ஓடுதே!" என்று சிரித்துக்கொண்டே வந்து, சுவரோரமாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்தான்.

எல்லம்மா அதற்கப்புறம் டி.வி.யைப் பார்க்கவில்லை. அர்ஜுனன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வலையைப் பார்த்து அவன் சிரித்தான். தோணியைப் பார்த்து 'ச்சீ' என்றான். அடுக்களை வந்தது, விடுதிக்கார அம்மா பேசுகிற சத்தம் கேட்டது. அர்ஜுனன் கண் ஓரிடத்தில் நின்றது. அவன் திடுக்கிடவில்லை, எழுந்திருக்கவில்லை. மடியில் இருந்த குழந்தையின் தலையை மட்டும் மெல்லத் தடவினான். பிறகு சட்டென்று எல்லம்மாவின் பக்கம் திரும்பிப் பார்த்தான். அவள் தன்னையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டான்.

இரண்டு பேரும் வீட்டுக்கு நடந்தார்கள். குழந்தை அவன் தோளில் தூங்கியது.

"அண்ணன் கை தளந்துபோச்சு. நுனியை முன்ன மாதிரி இழுத்துச் சொருகல" என்றான் அர்ஜுனன்.

எல்லம்மா நின்றுவிட்டாள். போகப்போகிறான், இதோ குழந்தையைக் கையில் கொடுத்துவிட்டுப் போகப்போகிறான் என்று காத்திருந்தாள். அவன் போகவில்லை. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. செத்தவன் கட்டின நண்டைப் பார்த்து ஒருத்தன் இவ்வளவு சாதாரணமாகப் பேசுவானா?

"உனக்குத் தெரியுமா?" என்றாள்.

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"எப்போலேருந்து தெரியும்?"

"எண்பதுல. பாய் நண்டு லாரில மெட்ராஸ் போனப்போ, மார்க்கெட்ல பாத்தேன். நண்டு கட்டிக்கினு இருந்தாரு. கால்ல வுழுந்து கூப்பிட்டேன். 'நான் வரமாட்டேன்டா, நீயே அவளைப் பாத்துக்கோ, யாருக்கும் சொல்லாத'ன்னு சத்தியம் வாங்கினாரு."

"கல்யாணத்துக்கு முன்னயா?"

"பதினஞ்சு நாளு முன்ன." அர்ஜுனன் அழுதுவிட்டான். "சொல்லிட்டா நீ அண்ணனைத் தேடிப் போயிடுவியோன்னு பயம்மே. தெனம் பயம். அண்ணன் நாடகத்துக்கு வீடு கட்டப் போயிட்டாருன்னு மார்க்கெட்ல கேள்விப்பட்டிருந்தேன். ஏரிக்கரை விடுதியில நண்டு தொங்குதுன்னு தெருவுல பேசிக்கினதுலேருந்து, அண்ணன் கட்டை நீ பாத்திருப்பேன்னு சோறு எறங்கல. பொன்னேரிக்குப் போறேன்னியே, அன்னிக்கு நீ திரும்பி வருவியா மாட்டியான்னு பஸ் நிக்கிற இடத்துலயே பொழுதன்னிக்கும் உக்காந்திருந்தேன்."

எல்லம்மா அவனையே பார்த்தாள். ஒரு வாரமாக எந்த மனுஷன் போய்விடுவான் என்று குலை நடுங்கினாளோ, அவன் ஐந்து வருஷமாக அவள் போய்விடுவாள் என்று நடுங்கிக்கொண்டிருந்திருக்கிறான். பாவமாகத்தான் இருந்தது. ஆனால் பாவத்தை முந்திக்கொண்டு வேறொன்று கிளம்பி வந்தது.

"மீன் மார்க்கெட்ல நின்னுக்கினு ரெண்டு ஆம்பளைங்க பேசி முடிச்சீங்களா? 'நீ வெச்சிக்கோ', 'சரிண்ணே'ன்னு? நான் இன்னா, ஒரு கூடை நண்டா? அவன் உசுரோட இருக்கிறான்னு எனக்குத் தெரிஞ்சிருந்தா போயிருப்பேனா, போய் மூஞ்சில காறித் துப்பியிருப்பேனா, உன்னையே கட்டியிருப்பேனா, எனக்கு இன்னாய்யா தெரியும்? என்னை ஒருத்தனும் கேக்கலையே!"

அவன் வாயைத் திறந்தான். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள். கழுத்தில் இருந்த மஞ்சள் கயிற்றைத் தலை வழியாகக் கழற்றினாள். அதை அவன் உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கிவிட்டு, தூங்குகிற குழந்தையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டாள்.

"அவன் உசுரோட இருக்கிறான். நான் பாத்துட்டேன். இப்போ எனக்கும் தெரியும். காத்தால வாசல்ல வந்து நின்னு, என்னைக் கட்டிக்கிறியான்னு என்னைக் கேளு" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

விடிந்ததும் அர்ஜுனன் வந்தான். அக்கம்பக்கத்தார் பல் விளக்கிக்கொண்டு வேடிக்கை பார்க்க, வாசலில் நின்று கேட்டான். எல்லம்மா பதில் சொல்லாமல் கூடையை எடுத்துக்கொண்டு ஏரிக்குப் போனாள். அவன் அங்கேயே நின்றான். சாயங்காலம் அவள் தலை ஈரத்தோடு திரும்பி வந்தபோதும் அதே இடத்தில்தான் நின்றுகொண்டிருந்தான்.

"மறுபடி கேளு" என்றாள். அவன் மறுபடி கேட்டான். அப்புறம்தான் சரி என்றாள்.